அளவாகச் சிரித்த ஒன்றரை வருடம்

வேடசந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் புகையிலை போடுகிற பூமி. என் தாத்தா வெற்றிலை போடுகிறவர். வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், காய்ந்த வாழைச்சருகில் சுற்றிய புகையிலை. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு மத்தியானம் அவர் திண்ணையில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். இலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்துவிட்டு, பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்துகொண்டேன். விளையாட்டுக்குச் செய்யவில்லை. அப்பத்தா என்னைப் பார்த்து நாள் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு: "பொம்பள சிரிச்சாப் போச்சு, பொகையில விரிச்சாப் போச்சு." விரித்தால் அப்படி என்னதான் போய்விடும் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

தாத்தா எழுந்தார். திட்டவில்லை. "காத்துப் பட்டா பதம் போயிரும் தாயி. காரமும் வாசமும் எறங்கிரும்" என்றார். அப்புறம் நான் விரித்து வைத்ததிலிருந்தே ஒரு துண்டைக் கிள்ளி, வெற்றிலையோடு சேர்த்து வாயில் அதக்கிக்கொண்டு, மீதியைச் சுருட்டினார். அந்த வயதிலேயே எனக்கு ஒன்று பட்டது. வாயில் போட வேண்டுமென்றால் தாத்தாவும் அதை விரித்துத்தானே ஆக வேண்டும்? சாயங்காலம் அப்பத்தாவிடம் இதைக் கேட்டேன். "வாயப் பாரு" என்று மட்டும் பதில் வந்தது.

என் சிரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வரும். முதலில் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அப்புறம் மொத்தமாக உடையும். தெருமுனைக் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பா, தலையைத் தூக்காமலே "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வாராம். சிரிப்போடு இன்னொன்றும் உண்டு. யாரைப் பார்த்தாலும் ஐந்து நிமிடத்தில் அவர் குரல் எனக்கு வந்துவிடும். சத்துணவு ஆயா, தலைமையாசிரியர், கோயில் மைக்கில் நன்கொடையாளர் பட்டியல் படிக்கிறவர், எல்லோரும் எனக்குள் இருந்தார்கள். கல்லூரியில் மூன்று வருடமும் மிமிக்ரியில் பரிசு எனக்குத்தான்.

இந்த வித்தை அம்மாவிடமிருந்து வந்தது. ஆனால் அம்மாவிடம் இது இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியாது.

பொங்கலுக்கும் சித்திரைக்கும் பெரியம்மாவும் இரண்டு சித்திகளும் வருவார்கள். நான்கு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தால், அங்கே இருப்பது நான் தினமும் பார்க்கிற அம்மா இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தபடியே ஒரு பஸ்ஸை ஓட்டிக் காட்டுவாள். கோழிக் கதை அவளுடைய உச்சம். திண்டுக்கல் சந்தையிலிருந்து ஒரு கிழவி கூடையோடும் கோழியோடும் பஸ்ஸில் ஏறுகிறாள். கண்டக்டர், "கோழிக்கு ஒரு டிக்கெட்டு எடு ஆத்தா" என்கிறார். கிழவி, "கோழி என்ன சீட்டுலயா உக்காந்திருக்கு? நின்னுக்கிட்டுத்தானய்யா வருது?" என்கிறாள். "நின்னுக்கிட்டு வந்தாலும் டிக்கெட்டு டிக்கெட்டுத்தான்." "அப்படியா சேதி?" என்று கிழவி குனிந்து கோழியின் கால் கயிற்றை அவிழ்க்கிறாள். இந்த இடத்துக்கு வருவதற்குள் சின்னச் சித்தி தரையில் சாய்ந்துவிடுவாள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அப்போது வாசலில் அப்பாவின் செருமல் கேட்கும். அவ்வளவுதான். விளக்கை அணைத்த மாதிரி எல்லாம் நின்றுவிடும். அம்மா முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். அப்பா எட்டிப் பார்த்து, "என்ன, ஒரே சிரிப்பா இருக்கு?" என்பார். "ஒண்ணுமில்லங்க" என்பாள் அம்மா. குரல்கூட மாறியிருக்கும், மெலிதாக, தரையைப் பார்த்துப் பேசுகிற குரல். அப்பா ஒரு நொடி நின்றுவிட்டுப் போவார். அப்பா கோபக்காரர் இல்லை. அம்மாவை ஒரு சொல் கடிந்து நான் கேட்டதில்லை. 1978-ல் கல்யாணமாகி வந்தபோது அம்மாச்சி சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தை, "மாப்பிள்ளை முன்னால பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காத." அம்மா அதை நாற்பது வருடம் காப்பாற்றினாள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள், நான் அப்படி இருக்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு 25 வயதாகும் வரைக்கும்.

2008 ஜனவரியில், சென்னையில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு அவர் மாற்றலாகி வந்தார். கும்பகோணம் பக்கம். நிதானமான பேச்சு. யார் பேசினாலும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் திரும்பிக் கேட்பார். அந்தத் திரும்பல்தான் எனக்குப் பிடித்துப் போனது. மதியச் சாப்பாட்டில் அவருடைய நண்பர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அவனுக்கு அமைதியான பொண்ணுங்களத்தான் பிடிக்கும். சத்தமே ஆகாது." சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். சரி, அமைதியாக இருந்தால் போயிற்று, அது என்ன பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மிமிக்ரி செய்கிறவளுக்கு ஒரு ஆள் வேண்டும், சும்மா காற்றிலிருந்து செய்ய முடியாது. ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஒருத்தி இருந்தாள், பிறவியிலேயே அமைதியானவள். அவளைப் பார்த்து எடுத்தேன். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது, ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தலையைச் சாய்க்க வேண்டும். "ஆமா", "அப்படியா", "சரி", இந்த மூன்று சொல்லை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டலாம். பேசும்போது கை மடியிலேயே இருக்க வேண்டும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, கையில்லாமல் எனக்குப் பேச்சே வராது. வளையலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து பழகினேன்.

பலித்தது. சித்திரை மாதத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிற அளவுக்கு ஆகிவிட்டது. வேளச்சேரி வரைக்கும் பறக்கும் ரயில் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. திருவான்மியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போவோம். கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் 1930-ல் உயிர்விட்ட டென்மார்க் நாட்டுக்காரர் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம் அங்கே வெள்ளையாக நிற்கும். அதன் பக்கத்தில் மணலில் உட்காருவோம்.

அங்கே ஒரு சாயங்காலம் கிளி ஜோசியக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். கூண்டைத் திறந்தார். கிளி வரவில்லை. "வாம்மா மீனாட்சி" என்றார். கிளி திரும்பி உட்கார்ந்துகொண்டது. நெல்லைக் காட்டினார். கொஞ்சினார். கடைசியில், "காலையிலருந்து எட்டுப் பேருக்குச் சீட்டு எடுத்துருச்சு சார், அதுக்கும் ஞாயித்துக்கிழமைதானே?" என்று கூண்டை மூடிக்கொண்டு, காசு வாங்காமல் போய்விட்டார். எனக்கு உள்ளே அந்தக் குரல் அப்படியே இறங்கிவிட்டது. அந்தக் கொஞ்சல், அந்தச் சலிப்பு, கிளி முதுகைக் காட்டிய விதம், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. தோள் குலுங்க ஆரம்பித்தது. வளையலைப் பிடித்தேன். உதட்டை மடித்தேன். "பாவம்" என்று சொன்னேன். ஒரே சொல்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்கூட இருந்தா மனசு அமைதியா இருக்கு."

அதுவரைக்கும் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. ராத்திரி ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குத்தியது. வெகுநேரம் கழித்துத்தான் அது என்னவென்று பிடிபட்டது. பொறாமை. அவர் அதைச் சொன்னது அந்த அமைதியான பெண்ணிடம். அவள் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் பேரில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் தந்த அன்பெல்லாம் அவள் கைக்குப் போனது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் இது இன்னும் மோசம். அப்போது என்னிடம் இருந்தது ஒரு சின்ன நோக்கியா. ராத்திரி அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப உட்காருவேன். அன்றைக்கு பஸ்ஸில் நடந்தது, மேனேஜர் தும்மியது, ஹாஸ்டல் வார்டன் பூனையோடு சண்டை போட்டது, எல்லாவற்றையும் தங்கிலீஷில் விறுவிறுவென்று அடிப்பேன். அடித்து முடித்துப் படித்துப் பார்ப்பேன். அனுப்ப மாட்டேன். டிராஃப்ட்ஸில் போட்டுவிட்டு, "saptingala" என்று ஒன்று மட்டும் அனுப்புவேன். ஒரு நாள் அவர், "நேத்து ராத்திரி மூணு மெசேஜ் அனுப்பினேன், பதிலே இல்லையே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தால் மேலே ஒரு சின்ன உறை மின்னிக்கொண்டிருந்தது. மெமரி நிறைந்துவிட்டது. அவருக்கு அனுப்பாமல் நான் அடைத்து வைத்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டதால், அவர் அனுப்பியது உள்ளே வர முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்கும்போது படித்துச் சிரித்தேன், அறைத்தோழி தூங்குகிறாள் என்று தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு.

இது என் ஒருத்தியின் கதை இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். மிர்ரா கொமரோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர், நியூயார்க் பர்னார்ட் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், 1946-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்லூரிப் பெண்களிடம் கேட்டதில் சுமார் 40 சதவீதம் பேர், ஆணோடு வெளியே போகும்போது தெரிந்ததைத் தெரியாதது போலக் காட்டிக்கொண்டதுண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி காதலனுக்கு எழுதும் கடிதத்தில் பெரிய சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதுவாளாம். "உனக்கு எழுத்துக்கூட்டவே தெரியலையே" என்று அவன் ஆசையாகப் பதில் போடுவானாம். இதைப் படித்தபோது என் நோக்கியா ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாச்சி வயதுப் பெண் அவள், கடலுக்கு அந்தப் பக்கம்.

அது பழங்காலம் என்றும் தள்ள முடியாது. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் பெயர்பெற்ற எம்பிஏ படிப்பு ஒன்றில் நடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் எவ்வளவு சம்பளம் வேண்டும், வேலைக்காக எத்தனை நாள் வெளியூர் போவீர்கள் என்று கேட்டார்கள். பதிலைக் கூடப் படிப்பவர்கள் பார்ப்பார்கள் என்று சொல்லப்பட்ட கல்யாணமாகாத பெண்கள், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிட வருடத்துக்கு 18,000 டாலர் குறைவாகக் கேட்டார்கள். மாதத்தில் 7 நாள் குறைவாகப் பயணம் போவதாகச் சொன்னார்கள். கல்யாணமான பெண்களிடமும் ஆண்களிடமும் இந்த மாற்றம் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவனுக்காக, அவன் யாரென்றே தெரியாமல், ஆசையைச் சுருட்டி வைக்கிறார்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. மடம். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று மனப்பாடம் செய்தபோது எங்கள் தமிழ் ஆசிரியை விளக்கம் சொன்னார்: "மடம்னா அறிந்தும் அறியாதது மாதிரி இருக்கிறது." வகுப்பில் ஒருவரும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும்தான். 'பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்' என்று கொன்றை வேந்தனை அதற்கு முன்னாலேயே பாடி முடித்திருந்தோம். தொல்காப்பியத்தின் களவியலில் 'அச்சமும் நாணும் மடனும்' பெண்ணுக்கு எப்போதும் உரியவை என்று வருகிறது. அதே நூலின் பொருளியலில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது: 'செறிவும் நிறைவும் செம்மையும் செப்பும் அறிவும் அருமையும் பெண்பாலான.' செப்பு என்றால் சொல்லுதல், பேச்சு. அறிவும் அதே வரியில்தான். இந்த இரண்டாவது பட்டியலை நான் எந்தப் பரீட்சைக்கும் எழுதவில்லை. முதல் பட்டியல்தான் நாலாக வளர்ந்து வீடு வீடாகப் போயிருக்கிறது.

அடக்கம் என்பதையும் நாம் பெண்ணுக்கென்று ஒதுக்கிவிட்டோம். மணமகள் தேவை விளம்பரத்தில் 'அடக்கமான, குடும்பப் பாங்கான பெண்' என்று போடுகிறார்கள். அடக்கமான மணமகன் தேவை என்று போட்டு நான் பார்த்ததில்லை. திருக்குறளில் அடக்கமுடைமை பதின்மூன்றாவது அதிகாரம். பத்துக் குறளையும் படித்துப் பாருங்கள், ஓரிடத்திலும் பெண்ணுக்கு என்று சொல்லவில்லை.

ஆண்களுக்கும் இந்தப் பாடு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. என் பெரியப்பா மகன் ஒயிலாட்டத்தில் ஊருக்கே முன்னால் நின்று ஆடுகிறவன். கையில் துணியைப் பிடித்து அவன் முதல் அடி எடுத்து வைத்தால் வரிசையே அவன் பின்னால் வரும். அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்ததும், பொண்ணு வீட்டுக்காரர்கள் விசாரிக்க வரலாம் என்று இரண்டு திருவிழாவுக்கு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்தார்கள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து, பழைய திருவிழா வீடியோவில் அவனைப் பார்த்துவிட்டு அண்ணி கேட்டாளாம், "இது யாரு, உங்க தம்பியா?"

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2009 ஆவணியில் திண்டுக்கல்லில் என் அத்தை மகள் கல்யாணம். அலுவலகத்தில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டிருந்தேன், அவரும் அதில் ஒருவர். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்கினார்கள். அவர்கள் அறையில் குளித்துவிட்டு மெதுவாக வருவார்கள் என்று நினைத்தேன். பந்தி நடக்கிற இடத்துக்குப் பின்னால், காய் நறுக்குகிற இடத்தில், அத்தை பிள்ளைகள் சித்தி பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, மொய் வாசிக்கிறவர் மாதிரி நான் ஆரம்பித்தேன். "நிலக்கோட்டை சின்னச்சாமி, நூத்தி ஒண்ணு... போன தடவை நம்ம வைச்சது இருநூத்தி ஒண்ணு..." எல்லோரும் உருண்டார்கள். எனக்கும் வந்தது, அந்த அடிவயிற்றுச் சிரிப்பு, ஒன்றரை வருடம் கழித்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கதவோரம் அவர் நின்றுகொண்டிருக்கிறார், கையில் காப்பி டம்ளரோடு.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். வாய்விட்டு, டம்ளர் ஆட ஆட. அவர் அப்படிச் சிரித்தும் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்புறம் என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. என் கை தானாகக் கீழே இறங்கியது, கரண்டி மடிக்கு வந்தது, உதடு மடிந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. என் கரண்டி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் வடிந்தது, அதற்கு முன்னால் இல்லை. இந்த வரிசையை நான் மறக்கவே மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அவர் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை. பொய் சொல்லிவிட்டாயே என்று கேட்பார் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது: "எங்கூட இருக்கும்போது நீ சந்தோஷமாவே இல்லையா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு வாரமும் என்னைப் பார்க்க வரும் முன் வாரப் பத்திரிகை ஜோக்குகளைப் படித்து, எதற்கு எனக்குச் சிரிப்பு வரும் என்று இரண்டு மூன்றைத் தேர்ந்து வைத்துக்கொண்டு வருவாராம். சொல்வாராம். நான் அளவாகத் தலையைச் சாய்ப்பேனாம். "நமக்கு ஒரு பொண்ணைச் சிரிக்க வைக்கக்கூடத் தெரியலைன்னு நெனைச்சேன். நான் சரியான போர் போலன்னு நெனைச்சேன்." ஒன்றரை வருடம் அவர் அப்படி நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார். நான் என்னை மறைத்தேன் என்றுதான் இருந்தேன். அவரைப் பற்றி அவருக்கே ஒரு பொய்யை வாரா வாரம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் நம்பிவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன், நண்பர் சொன்னது, அறைத்தோழி, டிராஃப்ட்ஸ். பொறுமையாகக் கேட்டார். "அமைதியான பொண்ணு பிடிக்கும்னு சொல்லியிருப்பேன். ஆளைப் பாக்காம சொல்றது ஆயிரம் இருக்கும்" என்றார்.

சண்டை எதுவும் வரவில்லை. அதன் பிறகு மூன்று மாதம் முயற்சி செய்தோம். நான் சிரிப்பேன், அவர் உடனே என் முகத்தைப் பார்ப்பார். கோபமாக இல்லை, சோதித்துப் பார்க்கிற மாதிரி. இது உண்மையா, எனக்காகச் சிரிக்கிறாளா? அவரைக் குறை சொல்ல முடியாது. என் சிரிப்புக்கு இருந்த மதிப்பை நானேதான் அழித்திருந்தேன். ஒரு நாள் கிளி ஜோசியக்காரரை நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார். அப்புறம், "இதை அன்னிக்கே காட்டியிருக்கலாமே" என்றார். அந்த வார்த்தையைத் தாண்டி எங்களால் போக முடியவில்லை. கார்த்திகை மாதத்தோடு நின்றுவிட்டது.

2012-ல், இப்போது என் கணவராக இருப்பவரை முதல் முறை பார்க்கப் போனபோது நான் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டு போனேன். வருகிற எதையும் உள்ளே தள்ள மாட்டேன். ஓட்டலில் சர்வர் ஒருவரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, கை கால் எல்லாம் சேர்ந்துகொண்டது. நடுவில் அவர், "கொஞ்சம் மெதுவா, பக்கத்து டேபிள்ல குழந்தை தூங்குது" என்றார். திரும்பிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டுதான் இருந்தது. குரலைக் குறைத்துக்கொண்டு மீதிக் கதையைச் சொன்னேன். குறைத்தது குரலைத்தான், கதையில் ஒரு வரி குறையவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒன்று, தூங்குகிற குழந்தைக்குக் கொடுக்கிற மரியாதை. மற்றது, பக்கத்தில் இருப்பவருக்கு என்னைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. அடக்கம் என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடற்கரையில் கேட்ட அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. எங்கூட இருக்கும்போது நீ சந்தோஷமாவே இல்லையா? நாளாக நாளாக அது அவர் குரலில் கேட்பது நின்று, அப்பாவின் குரலில் கேட்க ஆரம்பித்தது. "என்ன, ஒரே சிரிப்பா இருக்கு?" என்று அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நொடி நின்றுவிட்டுப் போன மனுஷன். அந்த ஒரு நொடியில் அவர் என்ன நினைத்திருப்பார்? தான் உள்ளே வந்தால் வீட்டில் சிரிப்பு நின்றுவிடுகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வாசலிலேயே செருமினார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வருகிறேன், முடித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார். அம்மா அவருக்குப் பயப்படவில்லை. அவர் பார்வையில் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டாள். நான் ஒன்றரை வருடம் செய்ததை அவள் ஒரு ஆயுள் முழுக்கச் செய்தாள், என்னைவிட எத்தனையோ மடங்கு கஷ்டப்பட்டு.

2019 பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடினோம். பெரியம்மாவுக்கு முட்டி வலி, நாற்காலியில்தான் உட்கார முடியும். சித்திகள் தரையில். கரும்புத் தோகையும் மஞ்சள் கொத்தும் ஒரு மூலையில் கிடந்தன. அம்மா வழக்கம் போலப் பஸ்ஸை எடுத்தாள். சந்தை வந்தது, கிழவி ஏறினாள், கண்டக்டர் டிக்கெட் கேட்டார். வாசலில் செருமல் கேட்டது.

நான் எழுந்துபோனேன். அப்பா நடையில் நின்றுகொண்டிருந்தார், கையில் பேப்பரோடு. ஒன்றும் சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து அடுப்படி நிலைவாசலில் போட்டேன். "உக்காருங்கப்பா" என்றேன். "எதுக்கு?" என்றார். "சும்மா உக்காருங்க." உட்கார்ந்தார். உள்ளே ஒரு சத்தம் இல்லை. அம்மா முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். சின்னச் சித்தி தரையைப் பார்த்தாள். பால் பொங்கி வரும் சத்தம் மட்டும் கேட்டது, அம்மா கையை நீட்டி அடுப்பைக் குறைத்தாள்.

அப்பா பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நாப்பது வருசமாச்சு" என்றார். "அந்தக் கோழிக்கு டிக்கெட்டு எடுத்தாங்களா இல்லையான்னு இன்னும் எனக்குத் தெரியல."

சின்னச் சித்திதான் முதலில் உடைந்தாள். பெரியம்மா, "மச்சானப் பாரு, வெளிய நின்னு அம்புட்டையும் கேட்டிருக்காரு" என்று முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். தரையைப் பார்க்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்து, அந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அது வந்துங்க," என்றாள், "கெழவி கயித்த அவுத்தாளா..."